மாத்திரையும் படிகமும்

இலக்கணம் பயிலும் மாணவர்க்கு மாத்திரை என்றதும் எழுத்தொலியின் கால அளவே நினைவுக்கு வரும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மருந்துக் கடையில் நாம் வாங்கும் மாத்திரையும் இச்சொல்லே. அளவு என்பதே இரண்டிற்கும் அடிப்படைப் பொருள். யூனானி மருத்துவர் வழங்கும் 'ஹப்பு' என்னும் அரபுச் சொல்லோ தானிய மணியைக் குறிப்பது. அவர்கள் வடிவத்தை நோக்கிப் பெயரிட்டனர். நம்மவர் அளவை நோக்கிப் பெயரிட்டனர். நம்மவர் இட்ட பெயரே இத்தொழிலின் உயிர்நிலையைத் தொடுகிறது என்பது நம் கருத்து. 100 மில்லிகிராம் என்று உறையில் அச்சிட்டால், முதல் மாத்திரையிலும் இலட்சமாவது மாத்திரையிலும், இன்றும் ஈராண்டு கழித்தும், மருந்து அவ்வளவே இருத்தல் வேண்டும்.

இஃது எளிதன்று. விளாங்குடியில் ஐப்பசி மழை தொடங்கினால் பானையில் வைத்த கருப்பட்டி கசிந்து ஒட்டிக்கொள்ளும். அதே பதநீரிலிருந்து எடுத்த பனங்கற்கண்டோ கலகலவென்று இருக்கும். கற்கண்டு படிகமாக உறைந்தது; கருப்பட்டி அவ்வாறு தெளிந்து உறையாதது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு மருந்துப் பொடிகள் பலவற்றிற்கும் உண்டு. மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்துச் சிமிழில் இட்டு வைக்கும் வழக்கம் நம் வீட்டிலும் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அவை ஊறிப் பொடிந்த பின்னரே அதனைக் கைவிட்டோம்.

ஒரே பொருள் பல வகையாகப் படிகமாதலும் உண்டு. வைரமும் பென்சில் முனையும் ஒரே கரிதான்; அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே வேறு. மருந்தின் மூலக்கூறும் அவ்வாறே இரண்டு, மூன்று முறைகளில் அடுக்கப்படலாம். இங்கேதான் ஓர் இக்கட்டு எழுகிறது. இறுக அடுங்கிய படிகம் பெரும்பாலும் நிலைத்து நிற்கும்; ஆயின் வயிற்றில் மெல்லவே கரையும். தளர்ந்த அடுக்கு விரைவிற் கரையும். ஆயின் நாளடைவில் தானே மற்றதாக மாறிவிடக் கூடும். எச்.ஐ.வி. நோய்க்குரிய ரிட்டோனவிர் 1996இல் விற்பனைக்கு வந்தது. 1998இல் அதுவரை எவரும் கண்டிராத வேறொரு படிகம் அதில் தோன்றியது. அது கரைதல் மிகக் குறைவு. மூலக்கூறு எள்ளளவும் மாறவில்லை. எனினும் அக்கூட்டுக் குளிகைகளை நிறுத்திவிட்டு நீர்ம மருந்தை வழங்க வேண்டியதாயிற்று. ஆகவேதான் ஆய்வாளர்கள் மருந்தை 40 பாகை செல்சியசு வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் ஆறு திங்கள் வைத்துப் பார்க்கின்றனர். அந்த வெப்பம் சித்திரை மதுரைக்குப் புதிதன்று.

இத்தகைய படிகம் ஒன்று நம் சென்னையிலேயே பெரியதொரு வழக்காயிற்று. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்குரிய மருந்து இமாடினிப். நோயாளர் அதனை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டும். அடிப்படைப் பொருளான இமாடினிப் நீரில் அரிதாகவே கரையும். மெத்தேன்சல்போனிக் அமிலத்துடன் சேர்த்து மெசிலேட் என்னும் உப்பாக்கினால் நன்கு கரையும். அவ்வுப்பின் ஆல்ஃபா படிகம் ஊசி வடிவினது, ஈரத்தை ஈர்ப்பது. ஊசிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் அச்சுக்குழியில் பொடி சீராக விழாது. மாத்திரைக்கு மாத்திரை அளவு வேறுபடும். பீட்டா படிகமோ எளிதில் ஓடி விழும், ஈரத்தைக் குறைவாகவே ஏற்கும், அறை வெப்பத்தில் நிலைத்தும் நிற்கும். சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிசு நிறுவனம் இதனை உருவாக்கி 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மூல மருந்துக்கு இங்குக் காப்புரிமை பெற இயலாது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை வழங்கவில்லை. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாயிலைத் திறந்தது. கூடவே 3(ஈ) பிரிவில் ஒரு தாழ்ப்பாளும் இட்டது. அறிந்த பொருளின் புதிய வடிவம், அறிந்த பயன்திறனை மிகுவித்தாலன்றிப் புதுப்படைப்பு ஆகாது என்பதே அது. உப்புகளும் படிக வேறுபாடுகளும் அதில் வெளிப்படையாகவே சுட்டப்பட்டுள்ளன.

2006 சனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. அப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. மருந்தின் பயன்திறன் என்பது நோய் தீர்க்கும் ஆற்றலே. சீராக ஓடுதலும் ஈரம் ஏலாமையும் நிலைப்புத்தன்மையும் செய்தற்கும் சேமித்தற்கும் உதவலாம், ஆயின் நோய் தீர்க்கும் ஆற்றல் ஆகா என்பது தீர்ப்பின் சாரம். மூல இமாடினிப்பைக் காட்டிலும் 30 விழுக்காடு மிகுதியாக உடலிற் சேர்கிறது என்ற வாதமும் எடுபடவில்லை. மிகுதியாகச் சேர்வதால் நோய் மிகுதியாகத் தீர்கிறது என்பதைச் சான்றுடன் காட்ட வேண்டும் என்றனர் நீதியரசர்கள்.

பீட்டா படிகத்தைக் கண்டவர்தம் உழைப்பு சிறிதென நாம் கருதவில்லை. நிலையற்ற பொடியை எவராலும் மருந்தாக விற்க இயலாது. ஆயினும் நீதிமன்றத்தின் முன் நின்ற வினா உழைப்பைப் பற்றியதன்று. சட்டம் கேட்ட அளவை அது எட்டியதா என்பதே. மறுபுறம் நின்றோர் நிலையையும் எண்ண வேண்டும். எதிர்த்தோருள் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் ஒன்று. அந்நிறுவனத்தின் மருந்துக்கு அந்நாளில் திங்கள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்திய நிறுவனங்கள் செய்ததற்கு அப்போது 8,000 முதல் 10,000 வரை ஆயிற்று. வறியோர் பலர்க்கு இலவசமாகவே தருகிறோம் என்றது நிறுவனம், அதுவும் உண்மையே. ஆயின் அந்த ஈகையின் எல்லைக்கு வெளியே நின்ற ஒரு கல்லூரி எழுத்தரோ, தறி நெய்பவரோ, முதல் தொகையை எத்தனை திங்கள் கொடுத்திருக்க முடியும்?