அதிர்ந்தது பூமியா, குவாரியா?

சித்திரையில் கரிசல்காட்டு வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் உப்பி, வெடிப்பு இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொள்ளும். நம் வீடுகள் நிற்பது இந்த மண்ணின் மேல்தான். கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் சுவரில் விரிசல் இல்லாத பழைய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு நாள் நண்பகலில் தரை நடுங்குகிறது. அடுக்களையில் தம்ளர் கிணுகிணுக்கிறது, எல்லோரும் தெருவுக்கு ஓடி வருகிறார்கள். நிலநடுக்கமா, கல்குவாரி வேட்டா, சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் ஏதாவது ஆகிவிட்டதா என்று மூன்று சந்தேகம் வரும். 2024 செப்டம்பரில் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நில அதிர்வை உணர்ந்ததாக மக்கள் வீட்டை விட்டு வெளியே வந்தபோதும் முதலில் எழுந்த கேள்வி இதுதான். அரை மணி நேரத்தில் கைப்பேசியில் ஒரு எண் வரும், அல்லது “எதுவும் பதிவாகவில்லை” என்று வரும். அதோடு பேச்சு அடங்கிவிடும். அப்படி அடங்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் அந்தப் பதிலில் பணம் இருக்கிறது. நிலநடுக்கம் என்று பதிவானால் அது அரசு அறிவித்த பேரிடர்களில் ஒன்று. பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 காலத்து விதிமுறைப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், 15 சதவீதமாவது சேதமான கெட்டி வீட்டுக்கு 6,500 ரூபாய். குவாரி வேட்டால் வந்த அதிர்வு என்றால் அந்த நிதியில் ஒரு ரூபாய் கிடையாது. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் குத்தகைதாரர். இரண்டும் இல்லை, மண் சுருங்கியதால் வந்த விரிசல் என்றால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆகவே அந்த எண் எப்படி வருகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெப்பமானியில் சூட்டைப் பார்ப்பது மாதிரி நிலநடுக்க அளவை எந்தக் கருவியிலும் நேரே பார்த்துச் சொல்ல முடியாது. கருவி காட்டுவது தான் நிற்கும் இடத்தில் தரை எவ்வளவு ஆடியது என்பதை மட்டும். மிச்சம் எல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கை 1935இல் சார்லஸ் ரிக்டர் போட்டது தெற்குக் கலிபோர்னியாவுக்காக. நடுக்கம் கிளம்பிய இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி உட்-ஆண்டர்சன் என்ற வகைக் கருவி இருந்து, அதில் கோடு 1 மில்லிமீட்டர் ஆடினால் அளவு 3. கோடு 10 மில்லிமீட்டர் ஆடினால் 4. தூரம் போகப் போக அலை தளர்ந்துவிடும் என்பதால் தூரத்துக்கு ஒரு ஈடு சேர்த்தார். 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கருவியிலும் அதே 1 மில்லிமீட்டர் ஆடினால் அளவு 4.5. ஐம்பது ஆண்டு கழித்து, 1987இல் ஹட்டன், பூர் என்ற இரு ஆய்வாளர்கள் அதே தெற்குக் கலிபோர்னியாவின் பதிவுகளை மறுபடி அலசி வாய்பாட்டைத் திருத்தினார்கள். அவர்கள் கணக்குப்படி அதே 400 கிலோமீட்டருக்கும் அதே 1 மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 4.2தான் வருகிறது. 0.3 சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். வெளியான ஆற்றலில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

பிறந்த ஊரிலேயே திருத்த வேண்டியிருந்த வாய்பாடு கோவில்பட்டிக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தாது. கரிசலுக்குக் கீழே சுக்கான் இருக்கிறது. அதற்கும் கீழே இருப்பது தென்னிந்தியத் தீபகற்பத்தின் மிகப் பழைய, இறுகிய பாறை. நொறுங்கிக் கிடக்கும் கலிபோர்னியப் பாறையில் அலை சீக்கிரம் தளர்ந்துவிடும். நம் பாறையிலோ வெகுதூரம் தெம்பாகப் போகும். அங்கே அலை எவ்வளவு தளருமோ அந்த அளவுக்கு இங்கேயும் ஈடு சேர்த்தால், தொலைவில் உள்ள பதிவு நிலையங்கள் உண்மையைவிடப் பெரிய அளவையே காட்டும்.

இதைச் சரிசெய்யத்தான் நில அதிர்வுக் கண்காணிப்பு மென்பொருள்களில் வட்டாரத்துக்கு வட்டாரம் தனி செட்டிங் வைக்கிறார்கள். ஜெர்மனியில் பாட்ஸ்டாமில் உள்ள ஜிஎஃப்இசட் ஆய்வு மையம் உருவாக்கிய சைஸ்காம்ப் இதில் பெயர்பெற்றது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தியப் பெருங்கடல் எச்சரிக்கை அமைப்புக்காகப் பெரிதாக வளர்க்கப்பட்டது அது. வரைபடத்தில் ஒரு எல்லையை வரைந்து, அந்த எல்லைக்குள் இந்தத் தூர ஈடுதான் செல்லும் என்று அதில் எழுதி வைக்கலாம். நடுக்கம் கிளம்பிய இடம் மட்டும் எல்லைக்குள் இருந்தால் போதுமா, நிலையமும் உள்ளே இருக்க வேண்டுமா, அலை வந்த வழி முழுவதுமே உள்ளே இருக்க வேண்டுமா என்பதையும் அங்கே முடிவு செய்ய வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஒரு நடுக்கம் வருகிறது, கொடைக்கானல் நிலையம் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை கடலடி வண்டலுக்குக் கீழே கிளம்பி, கரிசலுக்கு அடியில் போய், மலைப்பாறையில் ஏறுகிறது. இதற்கு எந்த வாய்பாடு? யாரும் உட்கார்ந்து தீர்மானித்து எழுதாவிட்டால், மென்பொருளோடு வந்த பொதுக்கணக்கு ஓடும். திரையில் ஒரு எண் வரத்தான் செய்யும்.

எண்கள் முன்பின் வருவதை நாடே பார்த்திருக்கிறது. 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்துக்கு இந்திய வானிலைத் துறை 6.9 என்றது. அமெரிக்க நிலவியல் துறையின் கணக்கு 7.7. ஏமாற்று ஒன்றும் இல்லை. முதலாவது ரிக்டர் வழியில் வந்த உள்ளூர் அளவு, நடுக்கம் பெரிதாகப் பெரிதாக அது ஓரிடத்தில் முட்டி நின்றுவிடும். இரண்டாவது, பாறை எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து வரும் திருப்புத்திறன் அளவு. 2004 டிசம்பர் 26 அன்று பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிவிப்பில் 8.0 என்றுதான் இருந்தது. பிறகு 9.1 ஆயிற்று. அதனால் ஒரு எண்ணைக் கேட்டால் அது எந்த வகை அளவு, தானாக வந்ததா, ஆள் பார்த்துச் சரிபார்த்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எண் சரியாகவே இருந்தாலும் உங்கள் சுவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கரிசல் சீமைக்காரர்கள் மறக்கக் கூடாத ஊர் கில்லாரி. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில், நம்மைப் போலவே கருமண் பூமி. அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம். 1993 செப்டம்பர் 30 விடியுமுன், பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது 6.2 அளவில் ஆடியது. மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவர்கள் அப்படியே தூங்கியவர்கள் மேல் விழுந்தன. கிட்டத்தட்ட பத்தாயிரம் உயிர். 2002இல் முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டு இரண்டாவதோடு சேர்த்தார்கள். அந்த வரைபடத்தில் நம் தென்மாவட்டங்களில் பெரும்பகுதி இரண்டாம் மண்டலம்தான். நமக்கு ஆபத்து குறைவு, நிஜம். ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் வந்திருக்கிறது, 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் 5.5 வந்திருக்கிறது. புதுவீடு கட்டுகிறவர்கள் தரைமட்டத்திலும் ஜன்னல் தலைமட்டத்திலும் சுற்றிவர கான்கிரீட் பெல்ட் போடச் சொல்லுங்கள். அந்தப் பெல்ட் நிலநடுக்கத்துக்கும் உதவும், கரிசல் உப்பிச் சுருங்குவதற்கும் உதவும். அதைச் செலவென்று தள்ளிவிடாதீர்கள்.

இனி குவாரி. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959, விதி 36இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குடியிருப்பு என்றால் வருவாய்க் கணக்கில் நத்தமாகவோ மனையாகவோ இருக்க வேண்டும், அல்லது அங்கீகரித்த மனைப்பிரிவாக இருக்க வேண்டும். காட்டில் கட்டிய வீடு கணக்கில் வராமல் போகலாம். உங்கள் வீடு எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பார்த்து வையுங்கள்.

அதிர்வுக்கும் வரம்பு உண்டு. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளில் தரை ஆடும் வேகம், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் வினாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15 தாண்டக் கூடாது. பழஞ்சின்னங்களுக்கு அதே வரிசையில் 2, 5, 10 மட்டுமே. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு இந்த இரண்டாவது வரிசையும் முக்கியம். தடித்த மண்ணில் அதிர்வெண் இறங்கும், அதனால் கடுமையான வரம்பே நமக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். அளக்க வருகிறவர்கள் குவாரி விளிம்பில் கருவியை வைத்துவிட்டுப் போகாமல் உங்கள் வீட்டு அடித்தளத்தில் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

அதிர்வு வந்த அன்று முதல் வேலை நேரத்தைக் குறிப்பது, கைப்பேசிக் கடிகாரத்தில் நிமிடம் தப்பாமல். தேசிய நில அதிர்வு மையத்தின் பூகம்ப் செயலியில் பாருங்கள், உணர்ந்ததையும் தெரிவியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. நிலையங்கள் அடர்த்தியாக இல்லாத இடத்தில் சின்ன நடுக்கம் கணக்கில் ஏறாமல் போகும் என்பதால், “பதிவாகவில்லை” என்றால் நடக்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. தினமும் வேலை நேரத்தில், ஒரே மணிக்கு, சத்தத்தோடு வருகிற அதிர்வு என்றால் குவாரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாயில் நில அதிர்வு மையத்திடம் கேட்கலாம்: இந்தத் தேதியில் இந்த நேரத்தில் எந்தெந்த நிலையங்களின் பதிவு உள்ளது, அளவு எந்த வகை, எந்தத் தூர வாய்பாட்டில் கணக்கிட்டது, அந்த வாய்பாடு எந்த வட்டாரத்துக்கானது, ஆழம் எவ்வளவு? மாவட்டப் புவியியல் சுரங்கத் துறையிடம் குத்தகை ஆணை, சுற்றுச்சூழல் அனுமதி, வெடிவைத்த பதிவேடு மூன்றின் நகல். முப்பது நாளில் பதில் தர வேண்டும். குறை சொல்ல திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளும் கோவில்பட்டி கோட்டாட்சியர் அலுவலகமும் இருக்கின்றன. அங்கே தீராவிட்டால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு வரை நேரம் உண்டு, மற்ற வழக்குக்கு ஆறு மாதம்தான். வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். நிலநடுக்கமும் வெடிவிபத்தும் அதில் அடங்கும். வீடு அமர்வதால் வரும் வழக்கமான விரிசல் அடங்காது. கம்பெனி அந்த வரியைத்தான் காட்டும்.

அந்த வரிக்குப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், கோடையில் விரிந்து மழையில் சுருங்கினால் அது மண்ணின் வேலை. இரண்டு ஜன்னலுக்கு நடுவே பெருக்கல் குறி போல ஒரே நாளில் விழுந்தால் அது ஆட்டத்தின் வேலை. பிரித்துக் காட்ட எளிய வழி, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுவது. நான் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நான்கு இடத்தில் ஒட்டினேன். அடுக்களைச் சுவரில் ஒட்டியதன் ஓரச் சிமென்ட் சித்திரை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. அதைக் கரிசல் கணக்கில் எழுதிவிட்டேன். கிழக்குச் சுவர்க் கண்ணாடி காலையில் முழுசாக இருந்தது. பகல் 1.10க்கு வேட்டுச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தபோது இரண்டாகியிருந்தது. படமும் நோட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை போய் மனு எண் வாங்கி வந்தேன். துண்டுகள் இரண்டும் இன்னும் சுவரிலேயே இருக்கின்றன, அளக்க வருகிறவர் பார்க்கட்டும் என்று.