இரண்டாந்தரப் பந்தயமும் நமது டென்னிஸ் வாலிபர்களும்

இரண்டாந்தரம் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே நமது ஜனங்களுக்கு ஒருவித அசிரத்தை உண்டாகிவிடுகிறது. பரீட்சையில் இரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளையின் தகப்பனார் அதை வெளியில் சொல்லக் கூசுகிறார். இந்த மனோபாவம் விளையாட்டிலும் புகுந்திருக்கிறது. செங்கற்பட்டில் ஏறிச் சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. அந்த ரயிலில் தினந்தோறும் போய்வரும் நமது ஜில்லாவாசிகள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில், அந்த நிலையத்திற்குச் சமீபத்திலுள்ள டென்னிஸ் அரங்கில் பிப்ரவரி மாதத்தில் நடைபெறும் சாலஞ்சர் பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? 1997 முதல் 2017 வரையில் அதே அரங்கில் நடந்த பெரிய பந்தயத்தைப் பற்றிக் கேட்டாலோ, யாவரும் பெருமூச்சு விடுகிறார்கள். "அது போய்விட்டதே" என்பதே அனைவரின் பேச்சும்.

போனது எது, வந்தது எது, இரண்டில் நமக்குப் பிரயோஜனமானது எது என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டதென்பது நமது அபிப்பிராயம்.

அந்த அரங்கு 1995-ம் வருஷத்தில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு எழுப்பப்பட்டது. 1996-ல் டில்லியில் நடந்த உலகச் சுற்றுப் பந்தயம் மறு வருஷமே சென்னைக்கு மாற்றப்பட்டது. முதலில் அதற்கு வாய்த்த பெயர் ஒரு சிகரெட்டின் பெயர். தேகப் பயிற்சிக்கான பந்தயத்தின் நெற்றியில் புகையிலையின் பெயரை எழுதி நாம் ஐந்து வருஷம் கைதட்டினோம் என்பதை இன்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பிறகு ஒரு பெரிய வியாபார ஸ்தாபனத்தின் பெயர் வந்தது. 2005 முதல்தான் அதற்குச் சென்னையின் பெயர் நிலைத்தது.

அது கண்கொள்ளாக் காட்சி என்பதில் சந்தேகமில்லை. ராஃப்டர், மோயா, சிலிச், ராவ்னிச் முதலிய பிரபல வீரர்கள் அங்கே வெற்றி மாலை சூடினார்கள். ஸ்விட்ஜர்லாந்து தேசத்து வாவ்ரிங்கா 2011-லும், பின்னர் 2014 முதல் மூன்று வருஷம் தொடர்ச்சியாகவும், ஆக நான்கு முறை வென்றார். 2014-ல் சென்னையில் வென்ற அதே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் மகா பந்தயத்தையும் அவர் கைப்பற்றினார். 2008-ல் நடால், மோயாவுடன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி ஜயித்து, மறுநாள் இறுதி ஆட்டத்தில் கால் ஓய்ந்தவராய் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றதைப் பார்த்தவர்கள் இன்றும் அதை வர்ணிக்கிறார்கள்.

ஆனால் நமது வாலிபர்களின் கணக்கு என்ன? இருபத்தொரு வருஷங்களில் ஒற்றையர் பட்டத்தை ஒரு இந்தியராவது பெறவில்லை. இறுதி ஆட்டத்தை எட்டியவரும் ஒருவரே. 2009-ல் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், விசேஷ அனுமதியின் பேரில் களத்தில் இறங்கி, மோயாவையும் கார்லோவிச்சையும் வீழ்த்தி, கடைசியில் சிலிச்சிடம் தோற்றார். இரட்டையர் ஆட்டத்தில் நமக்குக் குறைவில்லை. பயஸும் பூபதியும் சேர்ந்து ஐந்து முறை வென்றார்கள். 2017-ல் போபண்ணாவும் சென்னை வாலிபர் ஜீவன் நெடுஞ்செழியனும் வென்றார்கள். எனினும் இரட்டையர் ஆட்டத்திற்கு வேறு தரவரிசை, வேறு வழி. ஒற்றையரில்தான் நமது பஞ்சம்.

இந்தப் பஞ்சத்திற்குக் காரணம் ஆட்டக்காரர்களின் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். பந்தயத்தின் அமைப்பைக் கவனிப்பவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். அந்தப் பெரிய பந்தயத்தில் வென்றவருக்கு 250 புள்ளிகள். முதற்சுற்றில் தோற்றவருக்கு ஒரு புள்ளியும் கிடையாது. உலக வரிசையில் இருநூறாவது, முந்நூறாவது ஸ்தானத்திலிருக்கும் நமது பிள்ளைக்குச் சொந்த ஊர்க்காரன் என்ற தயவில் ஓர் இடம் கிடைக்கும். எதிரில் நிற்பவரோ வரிசையில் வெகு உயரத்தில் இருப்பவர். ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடியும்; பிள்ளை கைகுலுக்கிவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவான். அடுத்த ஜனவரியிலும் அதே கதை. விருந்து நம் வீட்டில்தான். நம் பிள்ளைக்கு மட்டும் இலை போடவில்லை.

அந்த விருந்தாவது நமக்குச் சொந்தமா? அதுவும் இல்லை. இத்தகைய பந்தயத்தை நடத்தும் உரிமம் ஊருக்கோ சர்க்காருக்கோ உரியதன்று. அது ஒரு கம்பெனியின் சொத்து. நிலத்தை விற்பதுபோல விற்கலாம். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போவதுபோல வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். 2017-ல் அப்படியே நடந்தது. பந்தயம் புனாவுக்குப் போயிற்று. அங்கேயும் 2023-க்கு மேல் தங்கவில்லை. 2024 முதல் அவ்வாரத்து ஆட்டம் ஹாங்காங்கில் நடைபெறுகிறது. சென்னையில் அழுதவர்களுக்குப் புனாவாசிகள் அன்று ஆறுதல் சொன்னார்களோ இல்லையோ, பிறகு அவர்களே அழ நேர்ந்தது.

அந்த வெற்றிடத்தில் 2018 பிப்ரவரியில் வந்ததுதான் சாலஞ்சர் பந்தயம். உலகச் சுற்றுக்கு அடுத்த கீழ்ப்படி இது. பிரபலஸ்தர்கள் இதற்கு வருவதில்லை. உலக வரிசையில் நூறுக்கும் முந்நூறுக்கும் இடையில் தத்தளிப்பவர்களும், காயம்பட்டு இறங்கி மறுபடியும் ஏற முயல்பவர்களும், தாடி முளைக்காத பையன்களுமே வருகிறார்கள். முதல் வருஷத்தில் ஆஸ்திரேலியரான ஜோர்டன் தாம்ஸன் வென்றார். இறுதியில் அவரை மூன்று செட்டுகள் வரை இழுத்தவர் நமது யூகி பாம்ப்ரி. 2019-ல் பிரெஞ்சுக்காரர் மூத்தே வென்றார். பின்னர் சில வருஷம் பந்தயம் நின்று, 2023-ல் மீண்டும் ஆரம்பமாயிற்று. அவ்வருஷம் பர்ஸெல், 2025-ல் ஜாக்கே. நடுவில் 2024-ல் மட்டும் இந்தியரான ஸுமித் நாகல். ஐந்தில் ஒன்றுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். பட்டத்தை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். பட்டத்திற்கு அப்பாலுள்ள விஷயமே இங்கு முக்கியம்.

உலக வரிசையில் முதல் நூறு பேருக்குள் புகுவது என்பது டென்னிஸ் ஆட்டக்காரனுக்கு ஜீவனப் பிரச்னை. விம்பிள்டன் முதலான நான்கு மகா பந்தயங்களில் 128 பேருக்கு இடம். அவற்றில் பெரும்பகுதி வரிசைப்படி நேரே நிரப்பப்படுகிறது. நூறுக்குள் இருப்பவன் தகுதிச் சுற்றின் தயவை நாடாமல் நேரே நுழைகிறான். 2024-ல் ஆஸ்திரேலியப் பந்தயத்தின் முதற்சுற்றில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். வெளியே நிற்பவனுக்கோ விமானச் செலவும் பயிற்சியாளர் சம்பளமும் கடனாக ஏறிக்கொண்டே போகும். 2023-ம் வருஷத்தில் இந்தியாவின் முதன்மை ஆட்டக்காரராக இருந்த நாகலே, தமது வங்கிக் கணக்கில் மிஞ்சியது 900 யூரோ என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. தேசத்தின் முதல் ஆட்டக்காரர் நிலை இதுவானால், பத்தாவது ஆட்டக்காரர் நிலையை வாசகர்களே யூகித்துக்கொள்ளட்டும்.

இனி இரண்டு தேதிகளைக் கவனியுங்கள். 2019-ம் வருஷம் சாலஞ்சர் பந்தயத்தில் சென்னைவாசியான இடதுகை ஆட்டக்காரர் பிரஜ்ஞேஷ் குணேஸ்வரன் அரை இறுதி வரை முன்னேறினார். பிப்ரவரி 11-ந் தேதி வெளியான உலக வரிசையில் அவர் 97-வது ஸ்தானத்தில் நின்றார். முதல் நூறில் அவர் காலடி வைத்தது அப்போதுதான். 2024-ல் நாகல் அதே அரங்கில், இத்தாலியரான நார்டியை இறுதியில் 6-1, 6-4 என்று தோற்கடித்தார். மறுநாள் வெளியான வரிசையில் அவர் 98. பிரஜ்ஞேஷுக்குப் பின் அந்த எல்லையைக் கடந்த முதல் இந்தியர் அவரே. இருவருமே அந்தந்த வருஷம் பாரிஸிலும், விம்பிள்டனிலும், நியூயார்க்கிலும் பிரதான சுற்றில் ஆடினார்கள். அங்கே அவர்களுக்குப் பெரிய வெற்றிகள் கிட்டவில்லை என்பது உண்மை. ஆயினும் வாசல் திறந்தது. திறந்தது நுங்கம்பாக்கத்தில். இருபத்தொரு வருஷத்துப் பெரிய பந்தயம் செய்யாததை இரண்டாந்தரப் பந்தயம் இரண்டு முறை செய்திருக்கிறது.

இது நமது தேசத்திற்கு மட்டும் உரிய அதிசயமன்று. 2019 பிப்ரவரியில், சென்னைப் பந்தயம் முடிந்த அதே மாதத்தில், இத்தாலியிலுள்ள பெர்காமோ நகரில் ஒரு சாலஞ்சர் பந்தயம் நடந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் விசேஷ அனுமதி பெற்று அதில் ஆடி வென்றான். அவன் பெயர் யானிக் ஸின்னர். 2024-ல் அவர் உலகத்தின் முதல் ஆட்டக்காரர். இத்தாலியர்கள் வருஷத்திற்கு இருபதை ஒட்டிய சாலஞ்சர் பந்தயங்களைத் தங்கள் சிறு நகரங்களிலேயே நடத்துகிறார்கள். இத்தாலியப் பையன் காலையில் ரயிலேறிப் போய்ப் பந்தயம் ஆடித் திரும்பலாம். நமது பரந்த தேசத்தில் 2025-ல் நடந்தவை நான்கு: டில்லி, சென்னை, புனா, பெங்களூர். மற்ற மாதங்களில் நமது பிள்ளை புள்ளிகளைத் தேடிக் கடல் கடக்க வேண்டும்.

வெளிதேசத்து உதாரணம் எதற்கு? நமது ஜில்லாவின் கடற்கரையே போதும். 2022-ல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது உலகமே அங்கு திரண்டது. இளைஞர்கள் நிறைந்த இந்திய இரண்டாம் அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. இது ஒரு நாளில் விளைந்த பயிரா? 1961-ல் மானுவல் ஆரோன் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 1972-ல் சென்னையில் டால் சதுரங்கக் கழகம் ஏற்பட்டது. விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகியது அங்கேதான். 1988-ல் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பெயர் தெரியாத எத்தனையோ சிறு பந்தயங்களும், வாடகை மண்டபங்களில் கட்டை பெஞ்சியில் உட்கார்ந்து ஆடிய ஞாயிற்றுக்கிழமைகளும் முன்னே போயின. மாமல்லபுரத்து மகோற்சவம் பின்னே வந்தது. அலைச்சறுக்கிலும் கிரமம் அதுவே. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் செம்படவ வாலிபர்கள் தங்களுக்குள் நடத்திவந்த போட்டிகளுக்குப் பிறகே, 2023-ல் உலகச் சுற்றுக்குத் தகுதி தேடித்தரும் கீழ்ப்படிப் பந்தயமும், 2025-ல் ஆசியப் பந்தயமும் அந்தக் கரைக்கு வந்தன. டென்னிஸில் மாத்திரம் நாம் கோபுரத்தை முதலில் வாங்கினோம். அஸ்திவாரம் நம்முடையதன்று என்பது கோபுரம் கிளம்பிப் போனபோதுதான் தெரிந்தது.

பெரிய பந்தயத்தால் லாபமே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரை இறுதியை எட்டியதைக் கேட்டு ஒரு தலைமுறை ராக்கெட்டைக் கையில் எடுத்தது. நடாலை நேரில் பார்த்து இன்னொரு தலைமுறை எடுத்திருக்கும். ராம்குமார் ராமநாதன் 2014-ல் சோம்தேவை வீழ்த்தித் தமது பெயரை ஊரறியச் செய்ததும் அந்தப் பந்தயத்தில்தான். ஆசை மூட்டுவதற்குக் காட்சி வேண்டும். மூட்டிய ஆசையுடன் பிள்ளை எங்கே போவான் என்பதற்குத்தான் பதில் இல்லாதிருந்தது.

இப்போதும் அந்தப் பதில் பாதிதான் கிடைத்திருக்கிறது. வருஷத்தில் ஒரு வாரம் சாலஞ்சர் நடந்தால் போதாது. அதற்கும் கீழே மூன்றாம் படி இருக்கிறது. பரிசுத் தொகை 15,000 டாலர் அளவிலான சிறு உலகப் பந்தயங்கள் அவை. வென்றவருக்கு 15 புள்ளிகள் கிடைக்கும். ஒரு பெரிய பந்தயத்தின் உரிமத்திற்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கைக் கொண்டு இவற்றைப் பல ஊர்களில் நடத்தலாம். நமது ஜில்லாவிலேயே மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கும் விளையாட்டிற்குமென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. மாமல்லபுரத்திலோ வெளியூரார் தங்குவதற்கு விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. ஜனவரியில் செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு வாரம், கோயமுத்தூரில் ஒரு வாரம், மதுரையில் ஒரு வாரம் என்று சிறு பந்தயங்களை வைத்து, பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்துச் சாலஞ்சரில் முடித்தால், நமது பிள்ளைகள் ஒரு மாதம் முழுவதும் ரயில் கட்டணத்திலேயே உலகப் புள்ளிகளுக்குப் போராடலாம். இப்பந்தயங்களுக்கான தேதிகளை முன்கூட்டியே சர்வதேசச் சங்கத்திடம் கேட்டுப் பெற வேண்டும். மாகாண டென்னிஸ் சங்கமும் விளையாட்டு இலாகாவும் வரும் பருவத்துக்கான விண்ணப்பத்தை எழுத உட்காரும்போது இதையும் அதில் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.