ஊரடங்கில் தள்ளிப்போன இதயப் பரிசோதனைகள்

முகையூரில் ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால் போவதற்கு இரண்டு திசைகள் உண்டு. மேற்கே அரகண்டநல்லூர், அங்கிருந்து தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்தால் திருக்கோவிலூர். கிழக்கே விழுப்புரம், அங்கே முடியாதென்றால் சென்னை சாலையில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் அப்பால் புதுச்சேரி ஜிப்மர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அந்தப் பக்கம் போனது. முகையூரும் அரகண்டநல்லூரும் விழுப்புரத்திலேயே இருந்தன. அதற்கு நான்கு மாதம் கழித்துக் கொரோனா ஊரடங்கு வந்தது.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் நின்றது, ரயில் நின்றது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். புதுச்சேரி தன் எல்லையை அடைத்தது. அவசர நோயாளிகளுக்கு விதிகளில் விலக்கு இருந்தது, 108 ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இதயப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை அவசர வண்டியில் போய் எடுப்பவை அல்ல. “மூணு மாசம் கழிச்சு எக்கோ எடுத்துக்கிட்டு வாங்க” என்று சீட்டில் எழுதிக் கொடுக்கப்பட்டவை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்பதற்காக டிரெட்மில் செய்யச் சொன்னவை. பஸ் இல்லாத ஊரில் இந்தச் சீட்டு அலமாரியிலேயே கிடக்கும்.

மே மாதத் தொடக்கத்தில் நிலைமை இன்னும் இறுகியது. கோயம்பேடு சந்தையில் வேலை செய்தவர்கள் ஊர் திரும்பியதும் விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் தொற்று மளமளவென்று ஏறியது. மே 5 அன்று சந்தையே மூடப்பட்டது. முண்டியம்பாக்கம் மருத்துவமனை கொரோனா நோயாளிகளைப் பார்க்கும் இடமானதும், ‘அங்கே போனால் நோய் ஒட்டிக்கொள்ளும்’ என்ற பயம் சாலைத் தடுப்பைவிடப் பெரிய தடையாக நின்றது. அந்தப் பயத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள அறுபது வயதுக்காரருக்குக் கொரோனா வந்தால் ஆபத்து அதிகம் என்று அரசே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. இதயப் பரிசோதனை தேவைப்படுபவர்களும் அவர்கள்தான்.

மருத்துவமனைக்குள்ளும் தயக்கம் இருந்தது. அதற்குக் காரணம் பரிசோதனைகள் செய்யப்படும் விதம். டிரெட்மில்லில் ஓடுபவர் மூடிய அறைக்குள் பலமாக மூச்சுவிடுவார். அதனால் பல இடங்களில் முதலில் நின்றது அதுதான். உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோவில் நோயாளி இருமக்கூடும். மார்பின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவுக்கு வலி இல்லை, ஆனால் எடுப்பவர் இருபது, முப்பது நிமிடம் நோயாளியை ஒட்டியே உட்கார வேண்டும். ஆஞ்சியோவுக்கு முன் கொரோனா சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது, ஒவ்வொருவருக்குப் பிறகும் அறையைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இ.சி.ஜி. மட்டுமே சில நிமிடங்களில் முடிவது, எங்கும் தூக்கிச் செல்லக்கூடியது.

உலக அளவில் எவ்வளவு குறைந்தது என்பதைச் சர்வதேச அணுசக்தி முகமை கணக்கெடுத்தது. அணுசக்திக்கும் நெஞ்சு வலிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். இதயத் தசைக்கு இரத்தம் போகிறதா என்று பார்க்கும் ஸ்கேன்களில் கதிரியக்க மருந்து பயன்படுகிறது, அதனால் இது அந்த அமைப்பின் வேலைகளில் ஒன்று. 108 நாடுகளில் 909 மையங்களைக் கேட்டதில், 2019 மார்ச்சைவிட 2020 ஏப்ரலில் இதயப் பரிசோதனைகள் 64 சதவீதம் குறைந்திருந்தன. டிரெட்மில் போன்ற பரிசோதனைகள் 78 சதவீதமும் சாதாரண எக்கோ 59 சதவீதமும் சரிந்தன. வருமானம் குறைந்த நாடுகளில் இந்தச் சரிவு மேலும் 22 சதவீதம் கூடுதல். ஓராண்டு கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது பணக்கார நாடுகள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன, ஏழை நாடுகள் பின்தங்கியே இருந்தன.

இந்தியாவில் இதயநோய் மருத்துவர்கள் 187 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கு இன்னும் கலங்க வைக்கிறது. 2020 மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மாரடைப்புடன் வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 35.4 சதவீதம் குறைவு. மாரடைப்பே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று நம்புவது கடினம். வலியை வாயு என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டு வீட்டில் படுத்தவர்கள் எத்தனை பேர்? இத்தாலியின் லொம்பார்டியில் இதற்கு ஒரு தடயம் கிடைத்தது. அங்கே 2020 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்கள் முந்தைய ஆண்டைவிட 58 சதவீதம் அதிகம். அவர்களில் பலர் கொரோனா தொற்றியவர்களும்கூட.

அதுதான் இன்னொரு சிக்கல். கொரோனாவிலும் மூச்சு வாங்கும், நெஞ்சு இறுகும். இதயத் தசை காயப்பட்டால் இரத்தத்தில் கூடும் டிரோபோனின், கடுமையான கொரோனாவிலும் கூடியது. எனவே மாரடைப்பு நோயாளி காய்ச்சல் வரிசையில் நின்றார், அந்த வரிசையில் போனது அவருடைய பொன்னான முதல் மணி நேரம்.

மாரடைப்பு நோயாளியின் நேரத்தைக் காப்பதில் தமிழ்நாட்டுக்கு நல்ல முன் அனுபவம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனையோடு இணைத்து, இ.சி.ஜி.யை அனுப்பிப் படிக்கவைத்து, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டு, பிறகு நோயாளியை மாற்றும் திட்டம் இங்கே சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தனர். கொள்ளைநோய்க் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இதில் முதலில் பயணம் செய்வது இ.சி.ஜி.தான். வீடியோ மூலம் மருத்துவரைப் பார்க்கும் இ-சஞ்சீவனியை 2020இல் தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில் நின்று பயன்படுத்தியது. அது பெரிய உதவிதான். ஆனால் வீடியோவில் இ.சி.ஜி. எடுக்க முடியாது. நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தாக வேண்டும்.

பிறகு வந்த திட்டங்கள் இந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2023 ஜூனில் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சு வலியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை நிலையத்துக்கோ வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த தொற்று வந்தாலும் நெஞ்சு வலிக்காரருக்குக் காய்ச்சல் வரிசை அல்லாத தனி வாசலும், இரவிலும் இயங்கும் இ.சி.ஜி.யும் ஒவ்வொரு வட்டார சுகாதார நிலையத்திலும் வேண்டும். முகையூர் போன்ற ஒன்றியங்கள் கேட்டுப் பெற வேண்டியது இதைத்தான்.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. புதிய இ.சி.ஜி.யில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, பழையதா என்பதை முந்தைய இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் பல நேரம் முடிவு செய்கிறார். அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது, சில ஆண்டுகளில் மங்கிவிடும். எடுத்த அன்றே செல்போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.