மானியமும் மனையும்

'மானியம்' என்னும் சொல் இன்று பணத்தைக் குறிக்கின்றது. முற்காலத்தில் அது நிலத்தையே குறித்தது. வரி நீக்கி அளிக்கப்பெற்ற நிலமே மானியம். ஆங்கிலத்தினின்று மலாய் மொழிக்குச் சென்ற 'கெரான்' என்னும் சொல்லோ இன்றும் இரு பொருள் தருகின்றது. நிலப் பட்டாவும் கெரான்; அரசு தரும் உதவித் தொகையும் கெரான். இவ்வுறவு சொல்லளவில் நின்றுவிடவில்லை. வீடு திருத்த அரசுதவி நாடுவோர் முதற்கண் அறிய வேண்டுவது இதுவே.

மலேசியாவில் வறியோர் வீடுகளைக் கட்டவும் பழுது பார்க்கவும் உதவுவது கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் 'பி.பி.ஆர்.தி.' திட்டம். இதற்குரிய தகுதிகளுள் தலையாயவை மூன்று. ஒன்று, வறுமை, குடும்பத்தின் பெயர் 'இ-காசே' என்னும் வறியோர் பதிவில் இருத்தல் வேண்டும். இரண்டு, வீட்டின் பழுது. மூன்று, நிலம்; அது தமக்கு உரியதாகவோ, உரியவரின் இசைவு பெற்றதாகவோ இருத்தல் வேண்டும். முதலிரண்டு தகுதியும் நம்மவருள் பலர்க்கு உண்டு. இடறுவது மூன்றாவதிலேதான்.

ஜோகூரில் சிகாமட், குளுவாங் வட்டாரத் தோட்ட லயங்களை எண்ணிப் பாருங்கள். லயத்து வீடு நிருவாகத்தின் உடைமை. அதனைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்பது 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் (சட்டம் 446). இச்சட்டம் 2019இல் திருத்தப்பெற்றது. ஆகவே, லயத்துக் கூரை ஒழுகினால் மானிய விண்ணப்பம் பயன்படாது. நிருவாகத்திடம் கேட்க வேண்டும். அங்குத் தீராவிடில் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். ஆயினும், தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஓரடி மண்ணும் தம் பெயரில் இல்லாதார்க்கு, வேலை முடியும் நாளில் அவ்வீடும் இல்லையாகின்றது.

தோட்டத்தை விட்டு வெளியேறிச் சிறு மனை வாங்கியோர் நிலை வேறு. அவருள்ளும் சிலர் இல்லத்துக் கெரான், மறைந்த பாட்டனார் பெயரிலேயே கிடக்கும். பேரன் அவ்வீட்டில் வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் உரியவன் ஆகான். 1955ஆம் ஆண்டின் சிற்றுடைமைப் பகிர்வுச் சட்டத்தின்படி, மாவட்ட நில அலுவலகத்தின் வழியே பெயர் மாற்றம் செய்துகொள்ளலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள ஆவணங்கள், கெரான் நகல் ஆகியவற்றைத் திரட்டி வைத்தல் நன்று. வாரிசுகள் ஒருமனப்பட்டால் வேலை எளிதாகும்.

ஆசிரியப் பெருமக்களே! பெற்றோர் பலர் விண்ணப்பப் பாரத்தை நம்மிடமே கொண்டு வருவர். பெயரையும் சம்பளத்தையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுதல் போதாது. பேனாவை எடுக்குமுன், "கெரான் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்போமாக.