பன்றி இதயமும் பதுங்கியிருந்த நச்சுயிரியும்

மாற்று உறுப்புகள் போதிய அளவில் கிடைக்காததால், பன்றியின் இதயம், சிறுநீரகம் ஆகியவற்றை மனிதருக்குப் பொருத்தும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. 2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 57 வயது நோயாளி ஒருவருக்கு மரபணு மாற்றிய பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. மார்ச் 8 அன்று அவர் இறந்தார். அவ்விதயத்தில் பன்றி சைட்டோமெகலோ நச்சுயிரி இருந்தது தெரியவந்தது. அது அவருடைய உடலின் செல்களைத் தாக்கியதற்குச் சான்று இல்லை. எனினும், இதயம் பழுதானதில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம். பபூன் குரங்குகளில் நடந்த ஆய்வுகளில், இந்நச்சுயிரி இருந்த பன்றி இதயங்கள் ஒரு மாதத்திற்குள் செயலிழந்தன. இல்லாதவை ஆறு மாதம் வரை இயங்கின.

சோதனையில் தப்பியது எப்படி?

பன்றியின் மூக்குச் சளியைச் சோதித்தபோது நச்சுயிரி தென்படவில்லை. இளங்குட்டியில் தொற்றும் இது, பின்னர் உறுப்புகளில் பதுங்கிவிடும். அப்போது சளியில் வெளிப்படாது. பன்றியும் நலமாகவே தோன்றும். ஆனால் அதை எதிர்த்து உடலில் உண்டான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும். ஆகவே சளிச் சோதனையுடன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் செய்தல் வேண்டும்.

தடுப்பு முறை

குட்டிகளைப் பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்து, தனிக் கொட்டிலில் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தால் தொற்றைத் தவிர்க்கலாம்.

பன்றி வளர்ப்போரும் இதிலுள்ள பாடத்தை மனதிற்கொள்ள வேண்டும். நலமாகத் தோன்றும் பன்றியெல்லாம் நோயற்ற பன்றி அன்று. புதிதாக வாங்கிய பன்றியைத் தனியே கட்டி வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்னரே மற்றவற்றுடன் சேர்த்தல் நலம்.