மலை ஏற ஏற டூ-ஸ்ட்ரோக் பைக் ஏன் திணறுகிறது?

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலைப் பந்தயம் 1916இல் தொடங்கியது. 2,862 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 156 வளைவுகளைக் கடந்து, 4,302 மீட்டரில் முடியும் பாதை அது. பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிள்களும் அதில் சீறியிருக்கின்றன.

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். எஞ்சின் அதே கொள்ளளவு காற்றை இழுக்கிறது. அதில் ஆக்ஸிஜன் குறைவு. அப்படியானால் பெட்ரோலும் குறைய வேண்டாமா?

குறையும். ஆனால் போதாது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட், சிறு துளையுள்ள பித்தளைத் திருகு. காற்றை எடைபோட அதற்குத் தெரியாது. உலையில் அரிசியை நன்றாகக் குறைத்துவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சமே குறைத்தால் சோறு குழைந்துவிடும் அல்லவா? இங்கும் அதுதான். ஸ்பார்க் பிளக் கறுக்கிறது, எஞ்சின் விக்குகிறது.

இதைச் சரிசெய்ய மெக்கானிக் சிறிய மெயின் ஜெட்டை மாட்டுகிறார். கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றி ஊசியைத் தாழ்த்துகிறார். ஏர் ஸ்க்ரூவைச் சற்றே திறக்கிறார். ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளிர் பழுப்பு என்றால் கலவை சரி.

உச்சிக்கென்றே ஜெட்டைச் சிறிதாக்கினால்? அதுதான் ஆபத்து. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பிஸ்டனின் உராய்வைத் தடுக்கிறது. அடர்ந்த காற்றுள்ள கீழ்ப்பகுதியில் பெட்ரோல் போதாவிட்டால் ஆயிலும் போதாது, சூடும் எகிறும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். அதனால் விவரமான டியூனர் புறப்படும் இடத்துக்கே ஜெட்டைத் தேர்ந்தெடுத்து, உச்சியில் கொஞ்சம் சக்தியை விட்டுக்கொடுக்கிறார். விடியற்காலைக் குளிர்காற்று இன்னும் அடர்த்தி என்பதையும் அவர் கணக்கில் சேர்க்கிறார்.