கெக்கில் பீர், லாரியில் வீடு

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதை மத்திய அரசு அனுமதித்தது 1978-ல், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால். பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. மாநிலங்கள் மெதுவாகவே வழிவிட்டன. மிஸிஸிப்பியில் 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காய்ச்சுவது ஒரு நாள் வேலை. பிறகு ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். புது வேலையும் வாடகை ஒப்பந்தமும் ஈஸ்ட்டைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நடுவில் வீடு மாற நேர்ந்தால் என்ன செய்வது?

வழக்கமான வழி பாட்டில். 5 காலன் பீருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு பாட்டில்கள் வேண்டும். நுரை வருவதற்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடி, இரண்டு வாரம் அசைக்காமல் வைக்க வேண்டும். நொதித்தல் முழுதாக முடியாத பீரை அவசரமாக அடைத்து, சூடான லாரியில் ஏற்றினால் ஈஸ்ட் மீண்டும் சுறுசுறுப்பாகும். கண்ணாடி வெடிக்கவும் செய்யும்.

மாற்று வழி கெக். என் முதல் கெக்கை நிரப்பியதும் வீடு மாறிய வாரத்தில்தான். இந்த 5 காலன் எஃகுக் கலங்கள் உண்மையில் பெப்ஸி, கோக் விநியோகத்துக்காகச் செய்யப்பட்டவை. குளிர்பான சாறு பெட்டிக்குள் வைத்த பைகளில் வரத் தொடங்கியதும், பழைய கலங்கள் பீர் காய்ச்சுபவர்கள் கைக்கு மலிவாக வந்து சேர்ந்தன.

செய்முறை எளிது. நொதித்து முடிந்த பீரை, கிருமிநீக்கிய கெக்குக்குள் குழாய் வழியே சலசலப்பின்றி இறக்க வேண்டும். காற்று கலந்தால் நாளடைவில் நனைந்த அட்டையின் சுவை வந்துவிடும். மூடியபின் கரியமில வாயுவை 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் செலுத்தி, மேலே உள்ள வால்வை நான்கைந்து முறை திறந்து மூடினால் உள்ளே மிஞ்சிய காற்று வெளியேறும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவசியம். பிறகு 3 டிகிரி செல்ஸியஸ் குளிரில், 12 பி.எஸ்.ஐ.-ல் ஒரு வாரம் முதல் பத்து நாள் வைத்தால் போதும்.

இதற்குப் பின்னால் இருப்பது 1803-ல் வில்லியம் ஹென்றி சொன்ன விதி: திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அதன் மேலுள்ள அந்த வாயுவின் அழுத்தத்தைப் பொறுத்தது. திரவம் சூடானால் அதே அளவு வாயுவைக் கரைத்து வைக்க அதிக அழுத்தம் தேவை. அதனால் 12 பி.எஸ்.ஐ.-ல் இருந்த கெக், 30 டிகிரி வெயிலில் 40-ஐத் தொடும். கவலை வேண்டாம்; இந்தக் கலங்களில் பொதுவாக 130 பி.எஸ்.ஐ. தாங்கும் என்று பொறித்திருக்கும். வாயுக் குழாயைக் கழற்றிவிட்டால் கெக் தன் அழுத்தத்திலேயே மூடிக் கிடக்கும்.

உண்மையான ஆபத்து கெக்கில் இல்லை, சிலிண்டரில் இருக்கிறது. 5 பவுண்டு கரியமில வாயு வெளியேறினால் சுமார் 1,200 லிட்டர் இடத்தை நிரப்பும். ஒரு காரின் உட்புறமே ஏறக்குறைய 3,000 லிட்டர்தான். காற்றில் 10 சதவீதம் இந்த வாயு இருந்தாலே சில நிமிடங்களில் நினைவு தப்பும். இங்கே அதைப்போல மூன்று மடங்கு. அதன் நெடியை வைத்து முன்கூட்டியே உஷாராக முடியாது. வெயிலில் நிறுத்திய காரில் சிலிண்டர் சூடேறினால், பாதுகாப்புத் தகடு உடைந்து முழுதும் வெளியேறலாம். வீட்டுச் சாமான் ஏற்றும் நிறுவனங்கள் பொதுவாக இதைத் தொடாததற்குக் காரணம் உண்டு.

எனவே பீரில் வாயு ஏறியதும் சிலிண்டரைப் பழைய ஊர்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, புது ஊரில் வேறொன்று வாங்குவதே உத்தமம். எடுத்துத்தான் போக வேண்டுமென்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வை இறுக மூடி, நிமிர்த்திக் கட்டி, ஜன்னல்களைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். வழியில் காரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

புது வீட்டில் கெக்கைக் குளிரில் இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால், குலுங்கிய வண்டல் அடியில் படியும். குழாய் அடியிலிருந்து எடுப்பதால் முதல் கோப்பை கலங்கலாக வரும், கொட்டிவிடலாம். அடுத்து வருவது தெளிந்தது. தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர் வைத்தவர்கள் நாம்; இந்தக் காத்திருப்பின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.